ஸ்கேன் அக்கா பார்த்த மஞ்சள் புள்ளி

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது என்பதே குவார்ட்டர்ஸில் பலருக்கு மறந்துபோயிருந்தது. பெரியவர், சிறியவர் எல்லாருக்கும் அவள் ஸ்கேன் அக்கா. புதிதாகக் குடிவந்த ஒரு கர்ப்பிணிப் பெண் அந்தப் பெயரை நம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டி, குழந்தை நல்லபடியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொன்னால் போதும் என்று வயிற்றைப் பிடித்தபடி நின்றாள். தான் பார்ப்பது மனிதர்களின் வயிற்றை அல்ல, இரும்பு டிரம்களின் வயிற்றை என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவைப்பதற்குள் ஊற்றி வைத்த தேநீர் ஆறிப்போனது. அவள் புருஷன் ஃபோர்மேன் அன்றைக்கெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த டிரம்களில் அடைபட்டிருந்தது கதிர்வீச்சுக் கழிவு. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் வந்த கையுறை, குழாய்த் துண்டு, உடைந்த கருவி என்று எதெதையோ போட்டு, சிமென்ட் ஊற்றி, மூடி வைத்திருந்தார்கள். ஆள் உயரத்தில் பாதி இருக்கும் அந்த டிரம்கள் பழைய கொட்டகைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. பூமிக்கடியில் புதிய அறை கட்டி, எல்லாவற்றையும் அங்கே மாற்றுவது என்று முடிவானபோதுதான், எந்த டிரம்மில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை என்பது தெரிந்தது. திறந்து பார்க்கவும் முடியாது. அதற்காகத்தான் அந்த மெஷினை வாங்கினார்கள். அதுவரை சலவைப் பிரிவில் கையுறைகளைச் சோதித்துக்கொண்டிருந்த அவளைப் பயிற்சிக்கு அனுப்பி, மெஷினோடு உட்கார வைத்தார்கள்.

வேலை சிரமமானதல்ல, பொறுமையானது. டிரம் சுழல்மேடையில் மெல்லச் சுற்றும். ஈயச் செங்கற்களுக்கு நடுவே விட்ட சிறு துளை வழியாக டிடெக்டர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். டிரம்முக்குள் கிடக்கும் ஒவ்வொரு ஐசோடோப்பும் தனக்கே உரிய ஆற்றலில் காமா கதிரை வெளியே அனுப்பும். சீசியத்தின் கதிர் ஒரு மாதிரி, கோபால்ட்டின் கதிர் வேறு மாதிரி. எந்தத் திசையிலிருந்து எது எவ்வளவு வருகிறது என்று எண்ணி எண்ணி, கம்ப்யூட்டர் டிரம்மைக் குறுக்கே வெட்டிய முள்ளங்கி வில்லைகளைப் போல வட்டம் வட்டமாகப் படம் போடும். சீசியத்துக்கு மஞ்சள், கோபால்ட்டுக்கு நீலம், ரேடியத்துக்குச் சிவப்பு என்று நிறம் வைத்திருந்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்தும் கொஞ்சம் காமா கதிரை டிரம்மின் ஊடாகச் செலுத்தி, வழியில் எது மறிக்கிறது என்று பார்ப்பார்கள். துணியும் காகிதமும் வெளிச்சமாகத் தெரியும். சிமென்ட் சாம்பல் நிறம். ஈயம் இருந்தால் கரிக்கட்டி போல நிற்கும்.

அறைக்கு ஜன்னல் கிடையாது. கனமான கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் கேட்காது. டிடெக்டரைக் குளிரவைக்கும் திரவ நைட்ரஜன் தீர்ந்துவிடக் கூடாது, அதனால் நீண்ட விடுப்பும் எடுக்க முடியாது. வேலிக்கு உள்ளேயே வேலை, வேலிக்கு உள்ளேயே வீடு, மகளுக்குப் பள்ளிக்கூடமும் வேலிக்கு உள்ளேயே. பல வாரங்களில் அவள் கேட்டைத் தாண்டியதே இல்லை. அதை ஒரு குறையாக அவள் நினைத்ததும் இல்லை, அந்த டிரம் வரும்வரை.

மூடியின்மேல் வெள்ளைப் பெயின்டில் எண்ணும் தேதியும் எழுதியிருந்தது. ஏழு என்ற எண்ணின் நடுவே ஒரு குறுக்குக் கோடு. அப்படி எழுதுகிறவர் அந்த இடத்திலேயே ஒருவர்தான், அவள் புருஷன். வீட்டுக் காலண்டரில் கேஸ் தீர்ந்த தேதியைக்கூட அப்படித்தான் எழுதுவார். பல வருஷங்களுக்கு முன்னால் அவர் நிரப்பிய டிரம் என்று அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேதான் மெஷினை ஓடவிட்டாள்.

மதியத்துக்குமேல் படம் சேர ஆரம்பித்தது. நடு அடுக்கில் கரிய வட்டங்கள் சில வரிசையாக நின்றன. காலியான ஈயக் குடுவைகள். ஆஸ்பத்திரிகளுக்குக் கதிர்மருந்தை அடைத்துக் கொண்டுவரும் குடுவைகளைக் காலியானதும் இப்படிச் சிமென்ட்டில் புதைத்துவிடுவது அந்தக் காலத்து வழக்கம். ஆனால் ஒரு கரிய வட்டத்தின் நடுவில் மட்டும் மெல்லிய மஞ்சள் தெரிந்தது. ஊசிமுனை அளவுதான். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அத்தனை கனமான ஈயத்தைத் தாண்டி அவ்வளவு மஞ்சள் வெளியே வருகிறதென்றால், உள்ளே இருப்பது ஒட்டிக்கொண்ட தூசி அல்ல.

பிறகுதான் மூடியிலிருந்த தேதி அவள் மண்டைக்குள் இறங்கியது.

அந்த வாரத்தை அங்கே வேலை செய்த யாராலும் மறக்க முடியாது. புற்றுநோய் ஆஸ்பத்திரி ஒன்று திருப்பி அனுப்பிய சீசியம், பென்சில் முனையளவு எஃகுக் குப்பிக்குள் அடைத்தது, அது வந்த ஈயக் குடுவையோடு காணாமல் போயிருந்தது. வேலையிடத்தில் அதைச் சோர்ஸ் என்பார்கள். கேட்டை அடைத்துவிட்டார்கள். உள்ளே இருந்த யாரையும் வெளியே விடவில்லை. ஆண்கள் எல்லாம் கையில் மீட்டரோடு சாக்கடையைக்கூடத் துழாவினார்கள். அவளுக்கு அப்போது கல்யாணமாகி மூன்று மாதம். சட்டையை மாற்றிக்கொள்ள மட்டும் வீட்டுக்கு வந்த புருஷன், எதுவும் சாப்பிடாமல் போனது அவளுக்கு நினைவிருந்தது. கடைசியில், வெளியிலிருந்து வருவதை இறக்கி வைக்கும் வரவு அறையின் சாவியை வைத்திருந்தவர் வீட்டில், கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்த ஒரு ஈயத் துண்டு கிடைத்தது. அது போதுமானதாக இருந்தது. ஈயத்துக்கு ஆசைப்பட்டுக் குடுவையோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்று சொல்லி வேலையிலிருந்து நீக்கினார்கள். சோர்ஸ் கிடைக்கவே இல்லை.

சாவி அண்ணன் என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிட்டு வந்தார்கள். அவள் புதுப்பெண்ணாக வந்து இறங்கியபோது, மாடிப்படி வளைவில் சிக்கிக்கொண்ட கட்டிலை ஒற்றை ஆளாக நிமிர்த்தி ஏற்றிக் கொடுத்தவர் அவர். வேலை போன பிறகு குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் அவருக்கு ஈயத் திருடன் என்று பெயர் மாற்றினார்கள்.

அவள் மெஷினை நிறுத்தவில்லை. நிறுத்தி டிரம்மை அனுப்ப வேண்டுமானால் அதில் என்ன இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். பிரிவுத் தலைவர் கேட்டதற்கு, ஈயம் அதிகமாக இருப்பதால் நிறைய நேரம் எண்ண வேண்டும் என்று சொன்னாள். புதிதாக மாற்றலாகி வந்திருந்த அந்த இளம் அதிகாரி, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனார்.

குவார்ட்டர்ஸ் சுவர்கள் காகிதம் மாதிரி. பக்கத்து அறையில் மகள் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அதனால் சாயங்காலம், காய்ந்த துணியை எடுக்கப் போகிற சாக்கில், புருஷனை மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"உங்க டிரம் ஒண்ணு இன்னிக்கு வந்துச்சு. உள்ள ஈயக் குடுவைங்க இருக்கு. அதுல ஒண்ணு காலி இல்லைங்க."

அவர் கொடியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மடித்தார். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தார்.

"சீசியமா?" என்று கேட்டார்.

அவள் தலையசைத்தாள். அவர் தண்ணீர்க் குழாயின்மேல் உட்கார்ந்துகொண்டார். மெஷின் தப்பாகக் காட்டியிருக்கும் என்று சொல்வார், தேதியைக் கேட்பார், கோபப்படுவார் என்றெல்லாம் அவள் எண்ணியிருந்தாள். அவர் சொன்னது வேறு.

"எனக்குத் தெரியும்."

பிறகு நிறுத்தி நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னார். ஒவ்வொரு குடுவையையும் திறந்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டிரம்மில் இறக்க வேண்டும் என்பது விதி. அன்று வரவு அறையில் இருந்த குடுவைகளை, எல்லாம் காலி என்று நினைத்து, அவரேதான் எடுத்து வந்திருந்தார். ஷிஃப்ட் முடிகிற நேரம். கலவை மெஷினில் சிமென்ட் இறுக ஆரம்பித்திருந்தது. முதல் சில குடுவைகளைத் திறந்து பார்த்தார். மிச்சத்தை அப்படியே எடுத்து வைத்து, சிமென்ட்டை ஊற்றி, மூடியைப் போட்டார். ஒன்று மட்டும் கொஞ்சம் கனம் கூடுதலாக இருந்தது.

"கை சொல்லுச்சு. நான் கேக்கல," என்றார்.

மறுநாள் தேடல் ஆரம்பித்தபோதே அவருக்குப் புரிந்துவிட்டது. அன்றே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்துக் கேட்டபோது, முன்னால் நின்றவன் இல்லை என்றான். இவர் வாயிலும் இல்லை என்றுதான் வந்தது. அதற்கடுத்த நாள் சாவி அண்ணன் வீட்டில் ஈயத் துண்டு கிடைத்துவிட்டது.

"முதல் நாளே சொல்லியிருந்தா அது தப்பு. மூணாம் நாள் சொன்னா அது குத்தம். அப்புறம் எப்படிச் சொல்றது?"

"அந்த மனுஷனை ஒரு நாளாவது நினைச்சீங்களா?"

"நினைக்காத நாள் உண்டான்னு கேளு."

தேள் கொட்டிய திருடன் போல இத்தனை வருஷமும் அவர் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் படுத்திருந்திருக்கிறார். எந்தப் பேச்சு வந்தாலும் சிரிக்கிற மனிதர், சாவி அண்ணன் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து போய்க் கை கழுவுவார். கழுவட்டும் என்றுதான் அவளும் இருந்திருக்கிறாள்.

"கிணத்துல போட்ட கல்லு மாதிரி கிடந்துச்சு. இனிமேயும் கிடக்கட்டும்," என்றார் அவர். "யாருக்கும் கெடுதல் இல்ல. சிமென்டுக்குள்ள இருக்கறது அப்படியே பூமிக்கடியில போயிடும். ஈயக் குப்பைன்னு போட்டு அனுப்பிடு." அவள் திரும்பி மிச்சத் துணியை எடுக்க ஆரம்பித்ததைப் பார்த்து, "பொண்ணு பரீட்சையாவது முடியட்டும்," என்றார்.

அதற்கு அவள் சரி என்றாள். அந்த ஒரு சொல்லால்தான் தானே உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டதாக அவளுக்குப் பின்னால் தோன்றியது.

பரீட்சை முடியும்வரை டிரம்மைச் சுழல்மேடையிலேயே வைத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு ஒரே வழி, இன்னும் எண்ணவிடுவது. எண்ண எண்ணப் படம் தெளிந்துகொண்டே போனது. ஊசிமுனையாக இருந்த மஞ்சள், கடுகு அளவு ஆயிற்று, ஓரம் திருத்தமாயிற்று, கடைசியில் குப்பி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதுகூடத் தெரிந்தது. மறைக்க அவள் எடுத்துக்கொண்ட ஒவ்வொரு நாளும் அதை இன்னும் வெளிச்சமாக்கிக்கொண்டிருந்தது. காலையில் கதவைத் திறந்ததும் திரையைப் பார்க்காமல் நைட்ரஜன் குடுவையைப் பார்ப்பாள், நாற்காலியைத் துடைப்பாள், பிறகு பார்ப்பாள். வீட்டுக்குப் போனால் அங்கே புருஷன் அவள் முகத்தைப் பார்ப்பார். மகளுக்கு முன்னால் இருவரும் குழம்பில் உப்பு கூடியதையும் குழாயில் தண்ணீர் நின்றுபோனதையும் பற்றிப் பேசுவார்கள். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் அவளுக்குத் தொண்டை அடைத்தது. நிஜமாகவே விழுங்க முடியவில்லை. ஊரிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள்.

தொண்டைக்காகப் போனதாகத்தான் அவள் தனக்கும் சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறவர் யார் என்று அவளுக்குத் தெரியும்.

சாவி அண்ணன் ஒரு சிறு மர ஸ்டூலில், பொத்தான் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஸ்ட்ரெச்சர் ஒன்று வந்தது, ஒரு நர்ஸ், ஒரு குடும்பம். எல்லாரையும் அந்தந்த மாடியில் இறக்கிவிட்டார். அவள் நாலாவது மாடி என்றாள். நாலு வந்தது. கதவு திறந்தது. அவள் இறங்கவில்லை. கதவு மூடியது. வேறு யாரோ கீழே அழைக்க, லிஃப்ட் இறங்கியது. மறுபடி ஏறியது. பக்கத்தில் நிற்கிறவரிடம் கையை நீட்டினால் தொட்டுவிடலாம். வாயைத் திறந்தால் ஒரு வாக்கியம், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அந்த வாக்கியத்துக்குப் பின்னால் மகளும் வீடும் புருஷனும் நின்றார்கள்.

"நல்லா இருக்கியாம்மா?" என்று அவர்தான் முதலில் கேட்டார். அவளை அடையாளம் தெரிந்திருந்தது.

"இருக்கேண்ணே."

"ஃபோர்மேன்?"

"இருக்கார்."

மேலும் அவர் கேட்கவில்லை. கீழே வந்ததும் அவள் இறங்கி, டாக்டரைப் பார்க்காமலே பஸ் ஏறினாள்.

மகளின் பரீட்சை முடிந்தது. அன்று சாயங்காலமே அவள் மொட்டைமாடிக்குப் போய் நின்றாள். அவர் வந்தார். ரிசல்ட் வரட்டும், காலேஜ் கிடைக்கட்டும் என்றார். அவருடைய ஓய்வுக்கும் அதிக காலம் இல்லை, அதுவரை பொறுத்தால் வீட்டைக் காலி செய்கிற அவமானமாவது நேராது என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. ஒன்று முடிந்தால் இன்னொன்று வரும், அதுவும் நியாயமாகவே இருக்கும், இப்படியே தன் காலமும் முடிந்துவிடும் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"நாளைக்குச் சொல்லப்போறேங்க. நீங்களே வந்து சொன்னா நல்லது. வரலேன்னா நான் படத்தை மட்டும் கொடுக்கறேன். நீங்க சொன்னதை நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

அவர் வரவில்லை. அவள் படத்தைக் கொடுத்தாள்.

பிரிவுத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. காணாமல் போன சோர்ஸ் கதையை அவர் மாற்றலாகி வந்த முதல் நாளே கேட்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி இத்தனை காலம் நம் கொட்டகையிலேயே இருந்திருக்கிறதே என்று ஓடினார், போன் செய்தார், எல்லாரையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். அவர் நல்ல மனிதர். தான் எதைக் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒரு நீள மேசை, ஓரத்தில் திரை. படத்தை விளக்குவதற்காக அவள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தாள். எதிர்ப்பக்கம் புருஷன். டிரம்மை நிரப்பியவர் என்ற முறையில் அவரைத்தான் முதலில் கேட்டார்கள்.

"நான் இறக்கினப்போ எல்லாக் குடுவையும் காலிதான் சார். நானே பார்த்தேன்," என்றார் அவர்.

பிறகு அவளைக் கேட்டார்கள். குடுவைகள் ஒரே மட்டத்தில் வரிசையாக இருப்பதையும், மேலும் கீழும் சிமென்ட் விரிசல் இல்லாமல் இருப்பதையும் அவள் காட்டினாள். பின்னால் யாரும் உள்ளே தள்ளியது அல்ல, நிரப்பும்போதே வைத்தது என்பது அதிலிருந்து தெரியும். மூவரில் மூத்தவர் அதைக் கவனமாகக் கேட்டுவிட்டுத் தாடையைத் தடவிக்கொண்டார். அப்படியென்றால் விஷயம் சுலபம் என்றார். சாவிக்காரர் குடுவையைத் திருடி ஒளித்திருக்கிறார், மாட்டிக்கொள்வோம் என்று பயந்து காலிக் குடுவைகளோடு கலந்து வைத்துவிட்டார், ஃபோர்மேன் சோதித்து முடித்த பிறகு அது நடந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

அவள் திரையைப் பார்த்தாள். சீசியம் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று எல்லாம் அதில் இருந்தது. யார் கை அதை வைத்தது என்பது மட்டும் இல்லை. எத்தனை நாள் எண்ணவிட்டாலும் அது வராது. போன மாதம்வரை வெறும் சந்தேகத்தின்பேரில் திருடனாக இருந்தவர், தன் படத்தால் இன்று சாட்சியோடு திருடனாகிறார் என்று அவளுக்குப் புரிந்தபோது, உட்கார்ந்திருந்த நாற்காலியே நழுவியது போலிருந்தது. புருஷனைப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவகாசம் கொடுத்தாள். மூத்தவர் பேனாவை மூடினார்.

"சார், ஒண்ணு சொல்லணும்," என்றாள்.

படத்தில் ஏதாவது விட்டுப்போயிற்றா என்று கேட்டார் அவர்.

"படத்துல இல்லை சார். வீட்டுல. கடைசிக் குடுவைங்களை அவர் திறந்து பார்க்கலை. சிமென்ட் இறுகுதுன்னு அப்படியே வச்சுட்டார். ஒண்ணு கனமா இருந்துச்சுன்னு அவரே என்கிட்ட சொன்னார். வரவு அறையிலேர்ந்து எடுத்துட்டு வந்ததும் அவர்தான். சாவி அண்ணன் அதைத் தொடவே இல்லை."

 பிரிவுத் தலைவர் எழுந்து எதற்காகவோ திரையை அணைத்தார். அப்புறம் அவள் புருஷன், அவள் பக்கம் திரும்பாமலே, "அவ சொல்றது சரிதான் சார்," என்றார். குரலில் கோபம் இல்லை. கனமான எதையோ இறக்கி வைத்தவரைப் போல மூச்சு வாங்கியது.

வயதையும் அத்தனை வருஷ வேலையையும் பார்த்து அவரை வீட்டுக்கு அனுப்பியதோடு விட்டார்கள். அவர் பேரில் இருந்த குவார்ட்டர்ஸ் போயிற்று. ஊருக்குள் இரண்டு அறை உள்ள வீடு ஒன்றைப் பிடித்தார்கள். சாமான் ஏற்றிய அன்று பக்கத்து வீடுகளின் கதவுகள் திறக்கவில்லை. புருஷனை மாட்டிவிட்டவள் என்றும், இத்தனை நாள் கூட்டுக் களவாணியாக இருந்தவள் என்றும், ஒரே வாய் இரண்டையும் சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் மகள் அம்மாவோடு பேச்சை நிறுத்தியதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. அப்பா செய்தது தப்பு, அது எப்போதோ நடந்தது. நீ செய்தது இப்போது, யோசித்துச் செய்தது என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். விடுமுறையில் வந்தாலும் அப்பாவுடன்தான் பேசுவாள்.

சாவி அண்ணனைப் பிரிவுத் தலைவரே காரில் போய் அழைத்து வந்தார். அவர் பேரில் இருந்த பழியை நீக்கியாயிற்று என்று சொல்லி, திரும்பவும் வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டார். டிரம்மைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். தடுப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, துருப்பிடித்த அந்த இரும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உனக்கு எப்போம்மா தெரிஞ்சுது?"

"நான் ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முன்னாலேயே தெரியும்ணே."

"நினைச்சேன். நாலாவது மாடின்னு சொல்லிட்டு நீ இறங்கவே இல்லை." அவர் குரல் உயரவில்லை. "எங்கம்மா போற வரைக்கும் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. எடுத்திருந்தா கொடுத்துருடான்னு. நான் எடுக்கலேன்னு எத்தனை தடவை சொன்னாலும் தலையைத் தடவிக்கொடுத்துட்டு, சரி கொடுத்துருன்னு சொல்வாங்க."

அவளுக்கு மன்னித்துவிடுங்கள் என்ற வார்த்தை வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் பதிலுக்கு அவர் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சுமையையும் அவர் தலையில் வைப்பானேன் என்று அவள் சும்மா இருந்தாள். அவர் தானே கேட்வரை நடந்து போனார்.

வேறு பிரிவுக்கு மாற்றித் தரச் சொல்லி அவள் கேட்டுப் பார்த்தாள். மெஷினை ஓட்டத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை, இன்னொருவருக்குப் பயிற்சி கொடுக்கும்வரை இருங்கள் அக்கா என்றார் பிரிவுத் தலைவர். பயிற்சிக்கு யாரையும் அவர் அனுப்பவில்லை. ஆகவே அவள் தினமும் காலையில் பஸ் ஏறி, கேட்டில் அட்டையைக் காட்டி, கனமான கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். முன்பு அக்கா என்று கூப்பிட்டவர்கள் இப்போது மேடம் என்றார்கள்.

வீட்டில் ஃபோர்மேன் முழு நாளும் இருந்தார். காய் நறுக்கினார், துணி மடித்தார், அவள் வருகிற நேரம் பார்த்துத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். சண்டை இல்லை. விசாரணையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. வேலையைப் பற்றி அவர் கேட்கமாட்டார், அவளும் சொல்லமாட்டாள். கேட்காமலும் சொல்லாமலும் அந்த இரண்டு அறைகளுக்குள் ஒருவரையொருவர் இடிக்காமல் நடக்கப் பழகிக்கொண்டார்கள்.

பழைய கொட்டகைகளில் பெரியது ஒன்று பாக்கி இருந்தது. அதில் பாதிக்குமேல் அவர் கையால் நிரப்பிய டிரம்கள். மறுநாள் அதை ஆரம்பிக்க வேண்டும் என்று உத்தரவு வந்த அன்று, சாயங்காலம் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு அவள் தம்ளரைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்குப் பெரிய கொட்டகை ஆரம்பிக்கறோம்," என்றாள்.

அவர் ம் என்றார்.

"அதுல வேற எதாவது இருக்குங்களா?"

அவர் தம் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். விசாரணைக்குப் பிறகு முதல்முறையாக, அவள் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார்.

"தெரியலம்மா. எனக்கே தெரியாது. நீதான் பார்க்கணும்."

அவள் தம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு, மறுநாளைக்குப் போட்டுக்கொண்டு போகிற உடையை எடுத்து வைத்தாள்.